பிலிப்பினோ கடையிலை ஒரு சைவ நேர்த்தி

கடையிலை சாப்பிடுறதை ஒரு தொழில் எண்டு ஒருத்தரும் ஒத்துக்கொள்ளாயினம். ஆனால் மனிசி பிள்ளையை ஊரிலை விட்டிட்டு வெளிநாட்டிலை தனியக் கிடக்கிற ஆம்பிளையைக் கேட்டுப் பாருங்கோ, அதைவிடக் கஷ்டமான தொழில் வேறை இல்லை எண்டு சத்தியம் பண்ணுவான். சமைக்கத் தெரியாது. தெரிஞ்சாலும் ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்ட மனம் வராது. பசி மட்டும் ஒரு நாளும் லீவு எடுக்காது.

நான் திருகோணமலை ஆள். மனிசி வசந்தியும் மகள் கயலும் வந்து சேரும் வரைக்கும் மொன்றியலிலை ரெண்டு வேலை பாத்தன். பகலிலை புவாண்ட்-கிளேரிலை ஒரு வெயார்ஹவுசிலை பெட்டி அடுக்கினன். பின்னேரம் பஸ்சும் மெற்றோவும் மாறி வந்து கோத்-டெ-நேஜிலை ஒரு பிலிப்பினோ கடையிலை சாப்பிட்டன். பெட்டியைப் பற்றிச் சொல்ல ஒண்டும் இல்லை, பெட்டி பெட்டிதான். சாப்பிட்ட கதையைச் சொல்லுறன், என்னைப்போல உத்தரிக்கிற சகோதரங்களுக்கு உதவும்.

விரல் நீட்டுற கடை

அந்தப் பக்கத்திலை தமிழ்க்கடை இல்லாமல் இல்லை. நல்ல கொத்துரொட்டியும் கிடைக்கும். ஆனால் அங்கை சோத்தோடை கேள்வியையும் சேர்த்துத்தான் போடுவினம். "தம்பி எவடம்? மனிசி எங்கை? இன்னும் இஞ்சை கூப்பிட்டு எடுக்கேல்லையோ? எங்கடை அண்ணையின்ரை மருமோன் வந்த கையோடை எடுத்திட்டாரே!" அந்த மருமோனை நான் கண்ணாலையும் காணேல்லை. ஆனால் அந்த மனிசனாலை எத்தினையோ நாள் எனக்குச் சோறு தொண்டைக்குள்ளை இறங்கேல்லை.

பிலிப்பினோ கடையிலை அந்த வில்லங்கம் இல்லை. டெப்பனேர் எண்டு சொல்லுற ஒரு பெட்டிக்கடைக்கும் உடுப்புத் தோய்க்கிற கடைக்கும் நடுவிலை, பலகையிலை பாதி எழுத்து அழிஞ்ச சின்னக் கடை. கண்ணாடிக்குப் பின்னாலை தட்டு தட்டாக் கறியள் கிடக்கும். பெயர் தெரியத் தேவையில்லை. எதுக்கு விரலை நீட்டுறீங்களோ அது சோத்துக்கு மேலை வந்து விழும். விலையும் மலிவு, சோறும் தாராளம்.

முதல் நாள் போனது நல்ல பனிக்காலம். என்ன எடுக்கிறது எண்டு தெரியாமல் ஒவ்வொரு தட்டுக்கும் நேரை விரலை வைக்கிறதும் எடுக்கிறதுமா நிண்டன். கடைக்காரி நெனிற்றா அறுபதை நெருங்கின கட்டையான மனிசி. கரண்டியோடை என்னையே பாத்துக்கொண்டு நிண்டா. அவவை எல்லாரும் "ஆத்தே" எண்டுதான் கூப்பிடுவினம், அவையின்ரை பாஷையிலை அக்கா எண்டு கருத்து. எங்களுக்குள்ளை கதை எல்லாம் உடைஞ்ச இங்கிலிசிலைதான், நான் தமிழிலை தாறன். ஆத்தே எனக்குச் சொன்ன முதல் வசனம் இதுதான்:

"விரலை நீட்டு, கண்ணாடியிலை முட்டாதை. இப்பதான் துடைச்சனான்."

வா, சாப்பிடுவம்

கடைக்குள்ளை ஒரு நீட்டு மேசை. பின்னேரத்திலை பிள்ளை பாக்கிற பெண்டுகள், முதியோர் இல்லத்திலை வேலை செய்யிறவை, கப்பலிலை சமையல்காரனா இருந்து ஓய்வெடுத்த ரோமி எண்ட கிழவர், எல்லாரும் அதிலைதான் இருப்பினம். ஆர் கதவைத் திறந்தாலும், தெரிஞ்ச ஆளோ தெரியாத ஆளோ, தலையை நிமித்தி "வா, சாப்பிடுவம்" எண்டு கூப்பிடுவினம். எங்கடை ஆக்கள் அப்பிடிக் கூப்பிட்டு நீங்கள் மாட்டன் எண்டால், பேந்து செத்த வீட்டுக்கும் வரமாட்டினம். நான் என்ன செய்வன்? கூப்பிட்ட உடனை போய் இருந்தன். தட்டை என்ரை பக்கம் தள்ளிச்சினம், பொரிச்ச கோழிக்காலும் எடுத்தன். அவை ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சினம். எவ்வளவு நல்ல சனம் எண்டு எனக்கு மனம் குளிர்ந்துபோச்சு. அடுத்த நாளும் கூப்பிட்டினம். அடுத்த நாளும் இருந்தன்.

கனகாலத்துக்குப் பிறகுதான் அதின்ரை சூத்திரம் விளங்கிச்சு. அது எங்கடை வணக்கம் மாதிரி ஒரு மரியாதைக் கதையாம். "இப்பதான் சாப்பிட்டனான், நீங்கள் சாப்பிடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் போறதுதான் முறையாம். ஒருத்தரும் போய் இருக்கிறேல்லையாம்! எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. எத்தினை பேரின்ரை கோழிக்காலைத் திண்டிருப்பன், கடவுளே! அண்டைக்கு என்ரை தட்டைத் தூக்கிக்கொண்டு மூலைக் கதிரையிலை போய்ச் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தன். கொஞ்ச நேரத்திலை ரோமி தன்ரை கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்திலை குந்தினார்.

"மற்ற ஆக்களை நாங்கள் சும்மாதான் கூப்பிடுறது. உன்னை இப்ப உண்மையாத்தான் கூப்பிடுறம், எழும்பி வா."

நேர்த்தி வைச்ச கதை

நான் கடலுக்குப் பக்கத்திலை பிறந்து மீனிலை வளந்தவன். ஆத்தேயின்ரை கடையிலை ஒரு மீன் இருக்கு. பெரிய வெள்ளி மீனை முதுகாலை பிளந்து விரிச்சு, உள்ளியும் மிளகும் விநாகிரியும் போட்டு ஊறவைச்சு, கரை எல்லாம் மொறுமொறு எண்டு வரப் பொரிச்செடுப்பா. பன்றி எனக்கு ஒத்துவராது, அதை விட்டிட்டன். அந்த மீனிலை மட்டும் ஒரு குறையும் வைக்கேல்லை.

பிறகு விசா அலுவல் இழுபடத் தொடங்கிச்சு. இண்டைக்கு வரும், நாளைக்கு வரும் எண்டு மாசங்கள் போச்சு. நான் வெளிக்கிடேக்கை கயலுக்கு மூண்டு வயசு, கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டன் எண்டு கத்தினவள். இப்ப பள்ளிக்கூடம் போறாள். முந்தி போனிலை "அப்பா, எங்களை எப்ப கூப்பிடுவீங்கள்?" எண்டு கேட்டுக் கேட்டுக் கொல்லுவாள். ஒரு கட்டத்திலை கேக்கிறதையே விட்டிட்டாள். "சாப்பிட்டீங்களோ அப்பா? சரி, அம்மாட்டைக் குடுக்கிறன்." அவ்வளவுதான். வந்து இறங்கேக்கை இவள் என்னை ஆரோ ஒரு மாமா எண்டு பாப்பாளோ எண்டு பயந்துபோனன்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னாலை நிண்டு நேர்த்தி வைச்சன். "பிள்ளையாரப்பா, இவை ரெண்டு பேரும் இந்த மண்ணிலை காலை வைக்கிற வரைக்கும் நான் மச்சம் தொடமாட்டன். மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டையும் இல்லை." பெரிய காரியம் செய்த எண்ணத்தோடை வெளியிலை வந்தன். திங்கட்கிழமை வேலையிலை அருளுக்குச் சொன்னன். அருள் மன்னார்க் கத்தோலிக்கன், என்னோடை பெட்டி அடுக்கிறவன். கையிலை இருந்த பெட்டியை இறக்கி வைச்சிட்டு, நல்லா யோசிச்சுத்தான் கேட்டான்.

"மச்சான், நீ எந்தக் கடையிலை சாப்பிடுறனி எண்டு பிள்ளையாரிட்டைச் சொன்னனியோ?"

ஆத்தே பொறுப்பெடுத்தா

அருள் கேட்டது ஞாயம்தான். அந்தக் கடையிலை மரக்கறி எண்டு ஒண்டு தனிய நடமாடாது. போஞ்சிக்குள்ளை பன்றி, பூசணிக்குள்ளை இறால், பாவற்காய்க்குள்ளை முட்டை. "இறைச்சி இல்லாத மரக்கறி வேணும்" எண்டு கேட்டன். ஆத்தே ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு, போஞ்சிக்குள்ளை கிடந்த பன்றித் துண்டுகளைக் கரண்டியாலை ஒண்டொண்டாப் பொறுக்கி அங்காலை வைச்சிட்டு, மிச்சத்தை எனக்குப் போட்டா. "பார், இப்ப இல்லை" எண்டா.

வேறை வழியில்லாமல் முழுக்கதையையும் சொன்னன். மனிசி, பிள்ளை, விசா, நேர்த்தி. ஆத்தே கரண்டியைக் கீழை வைச்சிட்டா. நேர்த்தி எண்டால் என்னெண்டு அவவுக்கு விளங்கப்படுத்தத் தேவையே வரேல்லை. அவவின்ரை தமையன், தன்ரை மனிசிக்கு வருத்தம் மாறினதுக்காக வருசா வருசம் செருப்பில்லாமல் சுவாமி ஊர்வலத்திலை வடம் பிடிக்கிற ஆளாம். ஆருக்கு வாக்குக் குடுத்தனி எண்டு கேட்டா. போனிலை பிள்ளையார் படத்தைக் காட்டினன். வண்டி வயித்தை உத்துப் பாத்து, "இவர் சாப்பாட்டைப் பற்றி விளங்கின ஆள்தான்" எண்டா. பிறகு குசினிக்குள்ளை போய் ஒரு சின்னச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னாலை வைச்சா.

"இது இனி உன்ரை சட்டி. இண்டையிலையிருந்து நீ விரல் நீட்டவேண்டாம், நான் போடுறதைத் தின்."

மீன் முடிஞ்சுது

ஒரு நாள் ஊரிலையிருந்து வசந்தி போன் எடுத்தா. விசாவுக்குச் செய்த மருத்துவச் சோதனை காலாவதியாப் போச்சாம், திரும்பவும் முதலிலையிருந்து செய்யட்டாம். எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. பிள்ளையாரோடையே கோவிச்சுக்கொண்டன். நான் இஞ்சை வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கிடக்கிறன், நீர் அங்கை மோதகம் திண்டுகொண்டு இருக்கிறீரோ எண்டு பஸ்சுக்குள்ளை வாய்விட்டே கேட்டிட்டன். பக்கத்திலை இருந்த மனிசி எழும்பி வேறை சீற்றுக்குப் போயிட்டா.

கடைக்குள்ளை வந்தால் மூக்குக்கு முன்னாலை மீன் மணம். அப்பதான் இறக்கியிருக்கிறா. தட்டு நிறைய அடுக்கிக் கிடக்கு, எண்ணெய் இன்னும் பொரியுது. விறுக்கெண்டு போய் விரலை நீட்டினன். "ஆத்தே, அது ஒண்டு" எண்டன். ஆத்தே என்ரை முகத்தைப் பாத்தா, விரலைப் பாத்தா, குவிஞ்சு கிடந்த மீனையும் பாத்தா. ஒரு கண் இமைக்கேல்லை.

"மீன் முடிஞ்சுது."

உப்பு

இதைச் சொல்ல எனக்கு இப்பவும் ஒரு மாதிரித்தான் கிடக்கு. ஒரு நாள் அரிசி மூட்டை வந்தது, தூக்கிக் குடுக்கக் குசினிக்குள்ளை போனன். ஆத்தே என்ரை சட்டியிலை பாவற்காய், கத்தரிக்காய், வெண்டிக்காய் எல்லாம் போட்டு வதக்கிக்கொண்டு நிண்டா. அந்தக் கறி எண்டால் எனக்கு உயிர். இதுக்கு மட்டும் எங்கையிருந்து ஆத்தே இந்த ருசி வருது எண்டு எத்தினையோ நாள் கேட்டிருக்கிறன். பாத்துக்கொண்டு நிக்க, ஒரு போத்திலுக்குள்ளை இருந்து கரண்டியாலை ஏதோ சிவப்பாக் களி மாதிரி எடுத்துப் போட்டா. என்னது எண்டு கேட்டன். உப்பு எண்டா. மணந்து பாத்தன். அது உப்பு மணமோ! எங்கடை கடற்கரையிலை கருவாடு காயிற மணம். கூனி இறாலை உப்பிலை போட்டுப் புளிக்கவைச்ச சாமான்.

ஆத்தே பொய் சொல்லேல்லை. அவைக்கு அது மீன் சாதி இல்லை, உப்புச் சாதி. நாங்களும் பெரிய திறம் இல்லை. சம்பலுக்கை மாசிக் கருவாட்டை இடிச்சுப் போட்டிட்டு, அது வாசத்துக்குத்தானே எண்டு சொல்லுற ஆக்கள் எங்களுக்கையும் இருக்கினம். ஆனால் அந்த ஞாயம் ஒண்டும் அந்த நேரம் எனக்கு வரேல்லை. இவ்வளவு நாளும் நேர்த்தி எண்டு சொல்லிக்கொண்டு இறால் திண்டிருக்கிறன். விசா ஏன் வரேல்லை எண்டு இப்பதான் விளங்குது! "உங்களாலைதான் என்ரை பிள்ளை வராமல் கிடக்கு!" எண்டு கத்திப்போட்டன். ஆத்தே அடுப்பை நிப்பாட்டினா. அரிசி மூட்டையிலை இருந்தா. முகம் வெளிறிப்போச்சு.

"அப்ப நான் போட்ட ஒவ்வொரு கரண்டிக்கும் அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாள் பிந்தினதோ?"

முழங்கால் படி

அதுக்குப் பிறகு கடைப்பக்கம் போகேல்லை. டெப்பனேரிலை பாண் வாங்கி, சீனியைத் தொட்டுத் திண்டுகொண்டு அறைக்குள்ளை கிடந்தன். கோவம் ஒரு நாளிலை போயிட்டுது. வெக்கம்தான் போகேல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலமை கதவிலை தட்டிக் கேட்டுது. திறந்தால் ஆத்தே. தடிச்ச காற்சட்டை, முழங்காலிலை சீலைத்துண்டு கட்டியிருக்கிறா. "வெளிக்கிடு" எண்டா. மறுபேச்சில்லாமல் கோட்டைப் போட்டன். மலைமேலை இருக்கிற சூசையப்பர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. எங்கடை சைவச் சனமும் போய் மெழுகுதிரி கொளுத்திற இடம்தான். அதிலை நடுவாலை போற மரப்படி முழங்காலிலை ஏறுற ஆக்களுக்கு மட்டும். ஆத்தே முதல் படியிலை முழங்காலை ஊண்டினா. நாள் முழுக்க நிண்டு நிண்டு பழுதாய்ப்போன முழங்கால் அது. "விடுங்கோ ஆத்தே, நேர்த்தி என்னுடையது" எண்டன். "பிழை என்னுடையது" எண்டா. ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கேல்லை, ரெண்டு பேரும் ஏறினம்.

அவ படிக்குப் படி ஒரு செபம் சொன்னா. எனக்கு அது தெரியாது. "பிள்ளையாரப்பா, மன்னிச்சுக்கொள்" எண்டதையே திரும்பத் திரும்பச் சொன்னன். பாதிக்கு மேலை ஆத்தேயாலை ஏலாமல் போச்சு. தோளைக் குடுத்தன், பிடிச்சுக்கொண்டு ஏறினா. இந்த மனிசி ஆர், எனக்கு என்ன முறை, என்ரை பிள்ளைக்காக ஏன் இந்தப் பாடு படுறா எண்டு நினைக்க எனக்குக் கண் நிறைஞ்சு வழிஞ்சுது. மறைக்கிறதுக்காக ஒரு கேள்வி கேட்டன்: "ஆத்தே, நான் இந்தச் சூசையப்பரின்ரை ஆள் இல்லையே, என்ரை சங்கதி இவருக்கு விளங்குமோ?" ஆத்தே மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பாத்தா.

"அவரும் மனிசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வேறை நாட்டுக்கு ஓடின ஆள்தான். அவருக்கு விளங்காட்டி வேறை ஆருக்கு விளங்கும்?"

பெரிய மீன்

இளவேனிலிலை விசா வந்தது. படி ஏறினதாலையோ, திரும்பச் செய்த மருத்துவச் சோதனையாலையோ எண்டு என்னட்டைக் கேக்காதேங்கோ. எயார்போட்டிலை கயல் தாயின்ரை பின்னாலை ஒளிச்சு நிண்டு என்னைப் பாத்தாள். போனிலை இருந்ததைவிட நல்லா வளந்திட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வந்து, "அப்பா, குளிருது" எண்டு என்ரை கோட்டுக்குள்ளை பூந்தாள். அப்பா எண்டுதான் சொன்னாள். நான் அந்த இடத்திலை நிண்டு குழறி அழுதன், எனக்கு ஒரு வெக்கமும் இல்லை.

நேர்த்தி நிறைவேறியாச்சு. ஆனாலும் முதல் மீன் ஆத்தேயின்ரை கையாலைதான் எண்டு சனிக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன். ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனன். மேசையிலை எல்லாரும் எழும்பி நிண்டினம். ஆத்தே கயலைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிப்போட்டுக் குசினிக்குள்ளை ஓடினா. வரேக்கை அண்டைக்கு வாங்கினதிலேயே பெரிய மீனைப் பொரிச்சு, தனித் தட்டிலை வைச்சு எனக்கு முன்னாலை வைச்சா. எல்லாரும் என்ரை வாயையே பாத்தினம். நான் கண்ணை மூடிப் பிள்ளையாருக்கு நன்றி சொல்லிப்போட்டு, மொறுமொறு எண்டு கிடந்த கரைப்பக்கத்தைப் பிச்சு வாய்க்குக் கிட்டக் கொண்டுபோக, வசந்தி டக்கெண்டு மணிக்கட்டைப் பிடிச்சா.

"ஐயோ, பொறுங்கோப்பா! நாங்கள் சுகமா வந்து சேர்ந்தால் நீங்கள் ஒரு வருசம் மச்சம் தொடமாட்டியள் எண்டு நான் எல்லோ கோணேசருக்கு நேர்ந்து வைச்சிருக்கிறன்!"

நான் மகன் பிள்ளையாரிட்டை வைச்ச நேர்த்திக்கு மேலை, இவ தேப்பன் கோணேசரிட்டைப் போய், அதுவும் என்ரை வாயை வைச்சு, ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறா. என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை! மேசை முழுக்க என்ன நடந்தது எண்டு முழிச்சுது. கயல் பள்ளிக்கூட இங்கிலிசிலை எழும்பி நிண்டு எல்லாருக்கும் விளங்கப்படுத்தினாள். ரோமி மேசையிலை தலையை வைச்சுக்கொண்டு சிரிச்சார். ஆத்தே சிரிக்கேல்லை. என்ரை கையிலை இருந்த துண்டை வாங்கித் தட்டிலை வைச்சா. தட்டைத் தூக்கி வசந்திக்கும் கயலுக்கும் நடுவிலை வைச்சா. கையைத் துடைச்சுக்கொண்டு, வருசம் பிளேன் இறங்கின நாளிலையிருந்தோ, இண்டையிலையிருந்தோ எண்டு கேட்டா. கயல் தாய்க்குத் தமிழிலை சொன்னாள். இறங்கின நாள் எண்டு சொல்லு தாயே, ஒரு கிழமையாவது மிஞ்சும் எண்டு நான் கண்ணாலை கெஞ்சினன். வசந்தி என்னைப் பாத்தா, ஆத்தேயைப் பாத்தா, மீனிலை ஒரு துண்டைப் பிச்சு வாயிலை வைச்சா.

"இண்டையிலையிருந்து எண்டு சொல்லு பிள்ளை."

ஆகவே கடைச் சாப்பாட்டுச் சகோதரங்களே, கடவுளிட்டை வாயைக் குடுக்க முதல் வீட்டுக்கு ஒரு போன் எடுத்து உங்கடை வாய் ஏற்கெனவே போயிட்டுதோ எண்டு கேட்டுக்கொள்ளுங்கோ, நான் இப்ப ரெண்டு பொம்பிளையளின்ரை காவலிலை, அவை மீன் தின்னுறதைப் பாத்துக்கொண்டு, பாவற்காயும் சோறுமாச் சந்தோசமாத்தான் இருக்கிறன்.